கார் வித்த காசு ஹாரன் அடிக்கும்

நாய் வித்த காசு குரைக்காதுன்னு ஒரு பழமொழி இருக்கு. பழைய கார் விக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இதுதான் வேதவாக்கு. வண்டியில என்ன கோளாறு இருந்தா என்ன, சாவியைக் குடுத்துட்டு காசை எண்ணி வாங்கிட்டா நம்ம வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் அவன் பாடு, வண்டி பாடு.

எங்க செஞ்சியில எந்த டீக்கடையில வேணா இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்க. பத்து பேர்ல எட்டு பேர் ஒரே பதில்தான் சொல்லுவாங்க. "கேட்டா சொல்லலாம் சார். கேக்காததை நாமளா எதுக்கு போய் சொல்லணும்?"

என் கட்சி வேற. கேட்டாலும் சொல்லணும், கேக்காட்டியும் சொல்லணும். "ஆரம்பிச்சுட்டான்யா அரிச்சந்திரன்"னு ஓடிடாதீங்க :) நான் புண்ணியக் கணக்கு மட்டும் பேச வரல. காசுக் கணக்கும் பேசறேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல சட்டம். நம்ம நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1872-ல வந்தது. அதுல 17-வது பிரிவு மோசடின்னா என்னன்னு சொல்லுது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஆச்சே, அதுல உதாரணத்துக்கு காரா சொல்ல முடியும்? குதிரையைத்தான் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் தன்னோட குதிரையை ஏலத்துல விக்கிறார். குதிரைக்கு உடம்பு சரியில்லைன்னு அவருக்குத் தெரியும். ஆனா வாயைத் திறக்கல. இது மோசடியா? இல்லைங்குது சட்டம். சும்மா வாயை மூடிக்கிட்டு இருந்தா அது மட்டும் மோசடி ஆகாதாம்.

"பாத்தியா, நாங்க சொன்னது சரியாப் போச்சு"ன்னு டீக்கடை நண்பர்கள் கை தட்ட வேணாம். அதே பிரிவுல இன்னும் ரெண்டு குதிரை உதாரணம் இருக்கு.

வாங்கறவர், விக்கிறவரோட சொந்த மகள். இப்பதான் மேஜர் ஆகியிருக்கா. அப்ப என்ன? அந்த உறவே விக்கிறவர் மேல ஒரு கடமையை வைக்குது, அவர் வாயைத் திறந்து சொல்லியாகணும்னு சட்டம் சொல்லுது.

அடுத்தது, "நீங்க மறுத்துப் பேசலைன்னா குதிரை நல்லாருக்குன்னு எடுத்துக்குவேன்"னு வாங்கறவர் சொல்றார். விக்கிறவர் சும்மா நிக்கிறார். இங்க அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

இதை ரெண்டையும் நம்ம ஊருக்குக் கொண்டு வந்து பாருங்க. செஞ்சி என்ன மெட்ராஸா, வித்துட்டு மறைஞ்சு போக? வண்டி வாங்கறவன் யாரு? நம்ம பெரியப்பா பையனோட மச்சான். நம்மகூட படிச்சவனோட தம்பி. இல்லைன்னா நம்ம தெருவுக்கு பால் ஊத்தறவரோட மருமகன். இவங்கள்ல யார்கிட்ட "நீ யாரோ நான் யாரோ, ஏலத்துல எடுத்தே"ன்னு சொல்ல முடியும்? என்னைக் கேட்டா, இந்த மாதிரி சின்ன ஊர்ல வண்டி வாங்க வர்றவங்க எல்லாருமே அந்த ரெண்டாவது உதாரணத்துல வர்ற மகள்தான். கோர்ட்டு இதை ஒத்துக்குமான்றது வேற விஷயம். ஊர் ஒத்துக்கும்.

மூணாவது உதாரணம் தினமும் நடக்குது. "நீங்க வச்சிருந்த வண்டி, நல்லாத்தான் இருக்கும். என்னங்கண்ணா?"ன்னு கேட்டுட்டு மூஞ்சையே பாப்பாங்க. அந்த நேரத்துல நம்மாளு போன்ல யார்கிட்டயோ பேசற மாதிரி நடிப்பான் பாருங்க... ஆஸ்கர் அவார்டு தரலாம்.

இதெல்லாம் மௌனம். சட்டம் கொஞ்சம் இளகற இடம். ஆனா தெரிஞ்சே மறைக்க ஒரு வேலை செஞ்சா, அதே 17-வது பிரிவு அதை நேராவே மோசடிங்குது. இதையும் நம்மாளுங்க மௌனத்தோட சேத்துக் குழப்பிக்கிறாங்க. என்னென்ன வேலைன்னு கேக்கறீங்களா? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

புகை விடற இஞ்சினுக்கு திக்கான ஆயிலை ஊத்தினா கொஞ்ச நாளைக்கு புகையும் சத்தமும் அடங்கும். பார்ட்டி வர்றதுக்கு அரை மணி முன்னாடியே வண்டியை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சுட்டா, காலையில முதல் ஸ்டார்ட்ல வர்ற கடகட சத்தம் தெரியாது. டேஷ்போர்டுல எரியற இஞ்சின் லைட்டை எரியாம பண்றது. மீட்டரைப் பின்னால ஓட்டறது. துரு புடிச்ச இடத்துல பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கிறது. ஆயில் ஒழுகற இஞ்சினை வாட்டர் வாஷ் பண்ணி பளபளன்னு நிறுத்தறது. இதுல எதுவும் "நான் சொல்லல, அவ்ளோதான்" கணக்குல வராது. உக்காந்து திட்டம் போட்டு செய்யற வேலை.

வெள்ளத்துல முழுகின வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல். ஃபெஞ்சல் எங்க மாவட்டத்தையே புரட்டிப் போட்டுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை. தண்ணி ஏறின காரைக் காய வச்சு சீட் கவர் மாத்திட்டா பாக்க புதுசு மாதிரி இருக்கும். ஆனா வயரிங்குக்குள்ள போன ஈரம் ஆறு மாசம் கழிச்சு பேசும். அப்ப வண்டி யார்கிட்ட இருக்கும்? (வாங்கறவங்களுக்கு ஒரு டிப்ஸ்: சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க. தண்ணிக் கறை கோடு போட்டிருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற தண்டவாளத்துல துரு, கார்ப்பெட்டுக்கு அடியில வண்டல் மண், இதையும் பாக்கணும்.)

சரி, காசுக் கணக்குக்கு வருவோம்.

ஜார்ஜ் அகர்லாஃப்னு ஒரு அமெரிக்கப் பொருளாதார நிபுணர். 1970-ல பழைய கார் சந்தையைப் பத்தி ஒரு கட்டுரை போட்டார். அதுக்கு முன்னாடி மூணு பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பிச்சுது. 2001-ல அந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் அவருக்கு நோபல் பரிசு பங்கு கிடைச்சுது. கட்டுரைத் தலைப்புலயே எலுமிச்சம்பழம் இருக்கு. அமெரிக்காவுல தகராறு பண்ற வண்டிக்கு எலுமிச்சம்பழம்னு பேரு. நாம வண்டிக்கு திருஷ்டி கழிக்க மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில்ல வாங்கிக் கட்டற அதே எலுமிச்சம்பழம்! :)

அவர் சொன்னது சுருக்கமா இதுதான். வண்டியோட குறை விக்கிறவனுக்குத் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லா வண்டியையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைச்சுக் கேக்கறான். அந்த விலைக்கு நல்ல வண்டி வச்சிருக்கிறவன் விக்க மாட்டான், வீட்டுலயே வச்சுக்குவான். அப்ப சந்தைக்கு வர்றது எது? பாதிக்கு மேல சொத்தை. சொத்தை அதிகமானதும் வாங்கறவன் இன்னும் குறைச்சுக் கேப்பான். இப்படியே போனா சந்தையே படுத்துரும்.

இந்த மனுஷன் 1967-68-ல டில்லியில இருந்தவர். அதே கட்டுரையில நம்ம ஊர் கடையில விக்கிற அரிசியைப் பத்தியும் எழுதியிருக்கார். அரிசி கலர்லயே, அரிசி வடிவத்துலயே கல்லை வேணும்னே கலந்து விக்கிறாங்க, வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து பொறுக்க வேண்டியிருக்குன்னு. அந்தக் காலத்துல எங்க பாட்டி முறத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது நோபல் பரிசு வரைக்கும் போயிருக்கு பாருங்க.

செஞ்சிக்காரனுக்கு இது நல்லாவே புரியும். ஏன்னா எங்க ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல்லு மூட்டை வந்து இறங்கற அழகே தனி. அங்க வியாபாரி நெல்லைக் கையில அள்ளிப் பாக்கறார், பல்லுல கடிச்சுப் பாக்கறார், ஈரம் எவ்ளோ, பதர் எவ்ளோன்னு பாத்துட்டுத்தான் விலை போடறார். ஈரமா இருக்கிற நெல்லும் விக்குது. ஈரத்துக்கு ஏத்த விலையில விக்குது. இதே விவசாயி அந்த நெல்லு வித்த காசை மடியில கட்டிக்கிட்டு முதல் தடவையா ஒரு பழைய கார் வாங்க வர்றார். அவர்கிட்ட மட்டும் ஏன் ஈரத்தை மறைக்கணும்?

குறையோட இருக்கிறது எதுவும் விக்காதுன்னு நினைக்கிறதே தப்பு. எங்க ஊர் தேசிங்கு ராஜா கதையையே எடுத்துக்குங்க. ராஜா 1714-ல ஆற்காடு நவாப் படையோட சண்டை போட்டு செத்துப்போனது சரித்திரம். குதிரை கதை நாட்டுப்புறக் கதை. டில்லி பாதுஷாகிட்ட ஒரு குதிரை, பேரு பாராசாரி. ஏறினவனை எல்லாம் கீழ தள்ளிரும். அதை பாதுஷா மறைச்சாரா? இல்லையே. இது அடங்காத குதிரை, முடிஞ்சவன் வந்து ஓட்டிப் பாருன்னு ஊருக்கே தெரியற மாதிரி வச்சார். அதனாலதான் அதை ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தன் செஞ்சியிலேர்ந்து போய்ச் சேர்ந்தான். "சாதுவான குதிரை, டாக்டர் வச்சிருந்தது, சிங்கிள் ஓனர்"னு சொல்லி ஏதாவது வயசானவர் தலையில கட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? கதை முதல் சீன்லயே முடிஞ்சிருக்கும்.

நான் என் காரை வித்த கதையும் கிட்டத்தட்ட இதுதான். பழைய ஹேட்ச்பேக், 12 வருஷம் ஓடினது. (கம்பெனி பேரு வேணாம்.) கூலண்ட் தானா குறைஞ்சுக்கிட்டே வந்தது, மெக்கானிக் பாத்துட்டு ஹெட் கேஸ்கட் போகப்போகுதுன்னு சொன்னார். ஏசி கம்ப்ரஸர் செத்துப்போச்சு. கிளட்ச் பிளேட் கடைசி மூச்சுல இருந்தது. எல்லாம் சரி பண்ண 30 ஆயிரம் கிட்ட ஆகும்னு கணக்கு. விக்கப்போற வண்டிக்கு எதுக்கு செலவுன்னு அப்படியே விக்க முடிவு பண்ணினேன்.

ஒரு பேப்பர்ல மூணு குறையையும் எழுதி, மெக்கானிக் போட்ட எஸ்டிமேட்டையும் பின் பண்ணி வண்டிக்குள்ளயே வச்சேன். புரோக்கருக்கு வந்ததே கோவம். "இன்னா சார் இது, பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட டாக்டர் சீட்டை நீட்டற மாதிரி இருக்கு"ன்னார். செம உவமை, ஒத்துக்கறேன்.

முதல்ல வந்த ரெண்டு பேர் பேப்பரைப் பாத்ததும் கிளம்பிட்டாங்க. மூணாவது ஆள் "இவ்ளோ எழுதியிருக்கீங்கன்னா எழுதாதது எவ்ளோ இருக்குமோ"ன்னு பாதி விலைக்குக் கேட்டார். அகர்லாஃப் சொன்ன அதே சந்தேகம். இதையும் மறைக்காம சொல்லிடறேன், உண்மை சொன்னா முதல் நாளே மாலை போட மாட்டாங்க. நாலாவதா திண்டிவனம் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்தார், சொந்தமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிறவர். காலையில இஞ்சின் ஜில்லுன்னு இருக்கும்போதே வரச் சொன்னேன். ஆயில் மூடியைத் திறந்து பாத்தார், வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டினார், பேப்பரை இன்னொரு தடவை படிச்சார். "நீங்க எழுதினதுக்கு மேல ஒண்ணும் இல்ல சார்"னார். பேரம் பத்தே நிமிஷம். நல்ல கண்டிஷன்ல இருந்தா போற விலையிலேர்ந்து 25 ஆயிரம் குறைச்சு வாங்கிட்டுப் போனார். அவருக்கு அந்த ரிப்பேர் கையைக் கடிக்காது, பார்ட்ஸ் செலவு மட்டும்தான்.

"அப்ப உனக்கு 25 ஆயிரம் நஷ்டம்தானே?"ன்னு கேப்பீங்க. எப்படிங்க நஷ்டம்? அந்த 25 ஆயிரம் என் காசே இல்லை. அது ஹெட் கேஸ்கட்டோட காசு. நான் வாயை மூடியிருந்தா, அதை என்கிட்டேர்ந்து வாங்கறவர் பாக்கெட்டுலேர்ந்து எடுத்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாருக்கும் ஒர்க்‌ஷாப்காரர் கிடைக்க மாட்டார்தான். அதுக்கு வழி, வாங்கறவரையே அவருக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரச் சொல்றது. விக்கிறவன் தானா "உங்க ஆளை வச்சு பாத்துக்குங்க"ன்னு சொன்னாலே பாதி சந்தேகம் ஓடிரும். இன்னொண்ணு, என்ன குறையோட விக்கிறோம்ங்கிறதை விற்பனைச் சீட்டுலயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா, நாளைக்கு "நீ சொல்லவே இல்லை"ன்னு யாரும் வாசல்ல வந்து நிக்க முடியாது. குறையை எழுதறது வாங்கறவனுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, விக்கிறவனுக்கும்தான்.

இங்க ஒரு கோடு போட்டுக்கறேன். ஏசி, கிளட்ச், கேஸ்கட் எல்லாம் காசு சம்பந்தப்பட்டது. சொல்லிட்டு விக்கலாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் அப்படி இல்லை. பெடலை மிதிச்சா மெத்தை மாதிரி உள்ள போற வண்டியை, "சொல்லிட்டேனே"ன்னு சாவியைக் குடுத்து அனுப்பறதும் தப்புதான். எங்க ஊர்லேர்ந்து பழைய கார் வாங்கினவன் முதல்ல எங்க போவான்? அமாவாசைக்கு மேல்மலையனூர், பௌர்ணமிக்கு திருவண்ணாமலை. அஞ்சு பேர் உக்கார்ற வண்டியில எட்டு பேர், மடியில குழந்தைங்க. அவன் படிச்ச பேப்பரை பின்சீட்டுல இருக்கிற குழந்தை படிக்கலையே. ரோட்டுல எதிர்ல வர்றவன் படிக்கலையே. பிரேக்கை ரிப்பேர் பண்ணிட்டு வில்லுங்க, இல்லைன்னா டோ பண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்க. அதுக்கும் லாயக்கு இல்லைன்னா அரசு பதிவு பண்ணின ஸ்கிராப் மையத்துல குடுத்து சான்றிதழ் வாங்கிட்டு ஆர்.சி.யை ரத்து பண்ணிடுங்க.

இதுலயும் மனசு இளகாதவங்களுக்கு கடைசியா ஒண்ணு. "வித்தாச்சு, முடிஞ்சுது"ன்னு நினைக்கிறீங்களே, முடியவே இல்லை. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில நவீன் குமார் - விஜய் குமார் வழக்குல ஒரு தீர்ப்பு குடுத்தது. 2007-ல ஒருத்தர் தன் வண்டியை வித்தார். அது கை மாறிக் கை மாறிப் போச்சு. ஆர்.சி.யில மட்டும் பேரு மாறல. 2009-ல அந்த வண்டி ஒரு விபத்துல சிக்கினது. யார் நஷ்டஈடு தரணும்? ஆர்.சி.யில யார் பேரு இருக்கோ அவர்தான்னு சொல்லிட்டாங்க. வித்து ரெண்டு வருஷம் ஆச்சு, சாவி கையில இல்லை, வண்டியைப் பாத்தே வருஷக்கணக்கு ஆச்சுன்னு சொன்னது எதுவும் எடுபடல.

அதனால குறையைச் சொல்லி வித்தா மட்டும் பத்தாது, பேரையும் மாத்திடணும். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள விக்கிறவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கறவருக்கு 30 நாள். படிவம் 29, படிவம் 30. கடன் இருந்தா அதை முடிச்சு படிவம் 35. "நாங்க பாத்துக்கறோம், வெறும் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க"ன்னு யார் சொன்னாலும் தேதி போடாம குடுக்காதீங்க. பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல்லேர்ந்து தனி விதிமுறை வந்திருக்கு. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வாங்கின வியாபாரின்னா, வண்டியை ஒப்படைச்சதை முறைப்படி ஆன்லைன்ல பதிஞ்சு குடுப்பார். அங்கீகாரம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. வண்டி குடுத்த தேதி மட்டும் இல்லை, மணியும் எழுதி கையெழுத்து வாங்கிக்குங்க. ஃபாஸ்டேக்கை மறக்காம குளோஸ் பண்ணுங்க.

இப்ப ரெண்டையும் சேத்துப் பாருங்க. பேரு மாறாத ஒரு வண்டி, அதுல நீங்க மறைச்ச ஒரு பிரேக். காசு குரைக்காதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிக்கும்.

யுனெஸ்கோ 2025 ஜூலையில எங்க கோட்டையை மராட்டியர் கோட்டைகள் வரிசையில உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சதுலேர்ந்து வெளியூர் வண்டிங்க நிறைய வருது. வர்றவங்ககிட்ட ராஜகிரியைக் காட்டி, தேசிங்கு கதை சொல்லி பெருமைப்பட்டுக்கறோம். சொன்ன வாக்குக்காக கல்யாண மேடையிலேர்ந்து எழுந்து வந்த நண்பன் கதை, எஜமானுக்கு உயிரைக் குடுத்த குதிரை கதை எல்லாம் வாய் வலிக்கச் சொல்றோம். அந்த மலையடிவாரத்துல நின்னுக்கிட்டே, தெரிஞ்சவன் ஒருத்தனுக்கு புகை விடற வண்டியை திக்கான ஆயில் ஊத்தி விக்கிறோம்.

நீங்க கடைசியா வித்த வண்டியோட குறையை வாங்கினவர்கிட்ட சொன்னீங்களா? இல்லை, வாங்கின வண்டியில யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா? ரெண்டு பக்கக் கதையும் கேக்க ஆசை. சொல்லுங்க மக்களே.

பி.கு: அந்த திண்டிவனத்துக்காரர் கேஸ்கட் மாத்தி, ஏசி போட்டு, இப்ப தன் மகளுக்கே அந்த வண்டியைக் குடுத்திருக்கார். அவர் அந்தச் சட்டத்தைப் படிச்சிருக்க மாட்டார் :)